பயணப்பெட்டியில் போகும் வன்னி

கனடா நாட்டின் மார்க்கம் நகரிலே 'வன்னி' என்னும் பெயர் தாங்கிய வீதி ஒன்று உண்டு. ஏதிலிகளாய்க் கடல் கடந்து சென்ற நம்மவர், பனி பெய்யும் அந்த மண்ணிலே காலூன்றித் தம் தாயகத்தின் பெயரை ஒரு நகரத்தின் வீதிப் பலகையிலே காணும் அளவுக்கு உயர்ந்திருக்கின்றனர். இதனை எண்ணி மகிழாத தமிழர் இருக்க முடியாது. ஆயினும், அந்த மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வியை நாம் கேட்டே தீர வேண்டியிருக்கின்றது. வன்னியின் பெயர் அந்நகரின் வீதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வன்னியின் விளைவு அந்நகரின் கடைக்குப் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்திருக்கின்றது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை வேறு. வன்னியின் விளைபொருள் கடல் கடப்பது பெரும்பாலும் பயணப்பெட்டிகளிலேதான். ஆவணியிலே திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஊருக்கு வருகின்ற உறவினர் திரும்பிச் செல்லும்போது, விமான நிறுவனம் அனுமதிக்கும் நிறைக்குள் மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் புழுக்கொடியலையும் பனங்கட்டியையும் அரிசி மாவையும் திணித்துக் கட்டுகின்றனர். உடுப்பை எடுத்து வைத்துவிட்டுக் கருவாட்டுப் பொதியை உள்ளே வைப்பவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம். இந்தக் காட்சியைக் கண்டு சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாமோ இதை ஒரு வியாபாரக் கணக்கின் முதல் வரியாகக் காண்கின்றோம். எவரும் தூண்டாமலே, விளம்பரம் ஒன்றும் இல்லாமலே, ஒருவர் தம் முதுகிலே சுமந்து செல்லத் துணிகின்ற பொருளுக்குச் சந்தை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கடை வளர்ந்த கதை

1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் ரொறன்ரோவிலே குடியேறிய நம்மவர் முதலில் நகரின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளிலே நெருங்கி வாழ்ந்தனர். பின்னர் ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தனர். உழைத்துச் சேர்த்த காசிலே சொந்த வீடு தேடியபோது மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ரன் என்று புறநகர்கள் தோறும் பரந்தனர். இலண்டனிலே ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், ஹரோ ஆகிய பகுதிகளும், பாரிஸ் மாநகரிலே லாச்சப்பலும் இவ்வாறே தமிழர் கூடும் இடங்களாயின. குடி பெயர்ந்த இடமெல்லாம் கோயில் எழுந்தது. கோயிலுக்கு முன்னரே பல இடங்களில் பலசரக்குக் கடை எழுந்தது.

அக்கடையை வெறும் கடை என்று எண்ணுவது தவறு. ஊர்ச் செய்தி பரவுவதும், வீடு வாடகைக்கு உண்டு என்ற துண்டு ஒட்டப்படுவதும், மரண அறிவித்தல் தொங்குவதும் அங்கேதான். வேலை முடிந்து வருகின்ற தாதியும், கணக்காளரும், வாகன ஓட்டியும் சனிக்கிழமை ஒரே வரிசையிலே நிற்பதும் அங்கேதான். கட்சியும் சங்கமும் பிரித்த மக்களை முருங்கைக்காய் ஒன்று சேர்த்து வைத்திருக்கின்றது என்றால் அது மிகையன்று.

ஆனால் அந்தக் கடைத்தட்டிலே இருப்பவை எங்கிருந்து வந்தவை? வெண்டிக்காயும் பாகற்காயும் கத்தரிக்காயும் ஹொண்டுராசிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் கனடாவுக்கு வருகின்றன. அந்த நாட்டுக் கமக்காரருள் எத்தனை பேர் பாகற்காய்க் குழம்பின் சுவையை அறிவார்கள்? உழுந்தும் பயறும் இந்தியாவிலிருந்தோ பிற ஆசிய நாடுகளிலிருந்தோ வருகின்றன. யாழ்ப்பாணத்துத் தூள் என்று பெயரிட்டு விற்கப்படும் மிளகாய்த்தூள் அங்கேயே வறுத்து இடிக்கப்படுகின்றது. அதன் மிளகாய் பெரும்பாலும் இந்திய மிளகாய். இலங்கைப் பொருள் என்று வருவதும் கொழும்பிலே பொதி செய்யப்பட்டு, எந்த வயலிலே விளைந்தது என்ற அடையாளம் அழிந்த பின்னரே கப்பலேறுகின்றது. உறையின் மேலே பனைமரப் படம் இருக்கும். அந்தப் பனையின் கீழே கிழங்கு தோண்டியவளின் பங்கு அந்த விலையிலே எவ்வளவு என்று கேட்டால் எவரும் விடை சொல்லமாட்டார்.

நம் பானையைப் படித்தவர்கள்

இந்த இடத்திலே நம் வாசகர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இன்று கிளிநொச்சிச் சங்கக்கடையிலும் சந்தியிலுள்ள கடையிலும் நாம் வாங்குகின்ற மைசூர்ப் பருப்பு மைசூரிலே விளைந்ததன்று. இலங்கை இறக்குமதி செய்யும் அப்பருப்பிலே பெரும்பகுதி கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றது. கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்திலே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பருப்பு பெயரளவிலான பயிராகவே இருந்தது. கோதுமையை மட்டும் நம்பியிருந்த அம்மாகாணத்துக் கமக்காரர் விலை வீழ்ச்சியால் தவித்தபோது, அங்குள்ள பல்கலைக்கழகம் 1970களிலே பருப்பு இனங்களை ஆராயத் தலைப்பட்டது. எந்த நாட்டார் எந்த நிறத்துப் பருப்பை விரும்புகின்றனர், எப்பருப்பு எளிதிலே வேகும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து இனங்களைத் தெரிந்தனர். இன்று உலகப் பருப்பு ஏற்றுமதியிலே முன்னணியில் நிற்கும் நாடு கனடா.

அவர்கள் அதை உண்பதற்காக விளைவிக்கவில்லை. நாம் உண்பதற்காக விளைவித்தார்கள். கடல்களுக்கு அப்பால் இருந்து நம் பானையை அவர்கள் படித்தார்கள். நாமோ நம் சொந்தச் சகோதரியின் பானையிலே என்ன வேகின்றது என்பதை அறிந்திருந்தும், அதற்கு வேண்டியதை அனுப்பக் கற்கவில்லை. பரந்தன் சந்தியிலே நின்று கனடாப் பருப்பு வாங்குகின்றோம். ஸ்காபரோவிலே நிற்பவர் வன்னி உழுந்து கிடையாமல் பிறநாட்டு உழுந்து வாங்குகின்றார். இதற்கு மேல் ஒரு பரிதாபம் வேண்டுமோ?

வர்த்தமானியை நம்பிய வாழ்வு

வன்னிக் கமக்காரன் உழைப்பிலே பின்னின்றவன் அல்லன். காடு வெட்டிக் களனி ஆக்கியவன் அவன். 1970இல் ஆட்சிக்கு வந்த கூட்டு முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடக்கிலே ஒரு பொற்காலம் பிறந்தது. படித்த வாலிபர் கூட உத்தியோகத்தை எதிர்பாராமல் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மண்வெட்டி பிடித்தனர். மிளகாய் விற்ற காசிலே கல்வீடு எழுந்தது. 1977இல் ஆட்சி மாறிற்று. இறக்குமதிக் கதவு திறந்தது. ஒரு சில போகங்களுக்குள்ளே விலை விழுந்தது. தோட்டத்திலே நின்றவன் கடனிலே நின்றான்.

அதன் பின் வந்தது போர். 1990களிலே உரமும் மண்ணெண்ணெயும் மின்கலமும் இப்பகுதிக்கு வராமல் தடுக்கப்பட்ட அல்லது மட்டுப்படுத்தப்பட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. சவர்க்காரத்துக்கும் வழியின்றி, கையிலுள்ளதைக் கொண்டு சமைத்துப் பிழைத்த மக்கள் நாம். 2009இலே எல்லாவற்றையும் இழந்து முகாம்களிலிருந்து திரும்பியபோது, வயலிலே கண்ணிவெடியும் வளவிலே தலை இழந்த பனையுமே எஞ்சியிருந்தன. அங்கிருந்து மீண்டும் விதைத்தோம். 2020இலே அரசாங்கம் அந்நியச் செலாவணிக்கு அஞ்சி உழுந்து, பயறு, குரக்கன் முதலியவற்றின் இறக்குமதியை நிறுத்தியபோது வவுனியாவின் உழுந்துக்கு எதிர்பாராத விலை கிடைத்தது. மறு ஆண்டே இரசாயன உரத்துக்குத் தடை வந்து, பயிர் நிறம் மாறி நின்றது. அத்தடையும் அவ்வாண்டின் கார்த்திகைக்குள் விலக்கப்பட்டது.

இந்த ஐம்பது ஆண்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? நம் கமக்காரன் உயர்ந்ததும் தாழ்ந்ததும் கொழும்பிலே அச்சாகும் வர்த்தமானி அறிவித்தலினாலேயே என்பதுதான். ஒரு கையெழுத்தால் வந்த விலை மறு கையெழுத்தால் போயிற்று. எந்த அமைச்சரின் பேனாவுக்கும் கட்டுப்படாத ஒரு சந்தை நமக்கு இருக்கின்றதென்றால், அது கடல் கடந்த நம் உறவினரின் அடுக்களை ஒன்றே. இத்தனை ஆண்டும் அதை நாம் சந்தையாகக் கருதவில்லை; உண்டியலாகவே கருதிவந்தோம்.

உண்டியலும் பற்றுச்சீட்டும்

புலம்பெயர்ந்தோர் தரவில்லை என்று நாம் குறை கூறமாட்டோம். அவர்கள் தந்ததால் பல வீட்டிலே அடுப்பு எரிந்தது. பாடசாலைக்குக் கூரையும், கிராமத்துக்குக் கிணறும், கோயிலுக்குக் கோபுரமும் வந்தன. ஆனால் தானம் என்பது மனம் இளகும்போது வருவது; மறதி வரும்போது நிற்பது. பலசரக்கு வாங்குவதோ மனநிலையைப் பொறுத்ததன்று; வாரந்தோறும் நடந்தே தீர்வது. ஆண்டுக்கு ஒருமுறை நூறு டொலர் கொடுத்துப் புண்ணியம் தேடும் குடும்பம், அதே ஆண்டிலே அரிசிக்கும் மாவுக்கும் தூளுக்கும் பருப்புக்கும் கொடுக்கும் தொகை அதைப்போல எத்தனை மடங்கு என்று தம் பற்றுச்சீட்டுகளைத் தாமே கூட்டிப் பார்க்கட்டும். அந்தத் தொகையிலே பத்தில் ஒரு பங்கு வன்னிக்குத் திரும்பினால் எந்த உண்டியலும் அதற்கு ஈடாகாது. மேலும், தானம் பெறுபவன் தலை குனிகின்றான். பண்டம் விற்பவன் தலை நிமிர்ந்து விலை சொல்கின்றான். போரிலே கணவனை இழந்து, நுண்கடன் வாங்கித் தவணைக்காரனுக்கு அஞ்சி ஒளிகின்ற பெண்ணுக்கு நாம் தர வேண்டியது இரக்கமன்று. அவள் கிண்டிய கிழங்குக்கு நியாய விலை.

தடை எங்கே?

தடை முழுவதும் வெளியே இருக்கின்றது என்று சொல்லித் தப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. பாதித் தடை நம்மிடமே இருக்கின்றது.

உழுந்து அடிக்கும் களத்துக்கு வியாபாரியின் லொறி வருகின்றது. விதைக்கும் மருந்துக்கும் அவனிடமே முற்பணம் வாங்கிய கமக்காரன், அவன் சொன்ன விலைக்கு, காயாத தானியத்தை மூடையிலே கட்டிக் கொடுக்கின்றான். நல்லதும் சொத்தையும் கல்லும் ஒன்றாகக் கலக்கின்றன. அந்த மூடை தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போய், அங்கே புடைத்துத் தெரிந்து பொதியாகும்போது, உயர்ந்த விலை அங்குள்ளவர்க்கு உரியதாகின்றது. காய்ச்சுவதும் தெரிவதும் பொதி செய்வதும் யாரிடம் உண்டோ அவரிடமே இலாபமும் உண்டு. இது வியாபார நியதி.

அடுத்தது தரம். மேல் நாடுகள் கண்ணால் பார்த்து மட்டும் பண்டத்தை ஏற்பதில்லை. ஈரம் போகாத மிளகாயிலும் நிலக்கடலையிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மிளகாயிலே அந்நஞ்சு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று விதித்திருக்கின்றது. நூறு தொன் மிளகாயிலே ஒரு கிராம் என்றால் கணக்கு விளங்கும். முற்றத்து மணலிலே பரப்பி, மாலைப் பனியிலே மறந்துவிடும் வழக்கம் அந்த அளவுகோலின் முன்னே நில்லாது. கனடாவோ ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உறை எழுதவேண்டும் என்கின்றது. எள்ளு, கடுகு, கடலை கலந்திருந்தால் அதை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்கின்றது. இவை நம்மை வதைக்க வந்த சட்டங்கள் அல்ல. அங்குள்ள நம் பிள்ளைகளையும் காக்க வந்தவை.

இன்னும் ஒன்றைக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டும். பனங்கட்டியிலே சீனி கலப்பவனும், தேனிலே பாகு கலப்பவனும் நம்முள்ளே இருக்கின்றனர். ஒரு போத்தல் தேனிலே செய்த மோசடி ஓராண்டுச் சந்தையை அழிக்கும். கலப்படக்காரனை ஊர் தண்டியாதவரை ஊரின் பெயருக்கு மதிப்பு வராது.

அரசின் பங்கையும் சொல்லிவிடுகின்றோம். வவுனியாவுக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் கிடைத்தபோது அதை ஓமந்தையிலே கட்டுவதா, தாண்டிக்குளத்திலே கட்டுவதா என்று 2016இலே நம் அரசியல்வாதிகள் நடத்திய வாக்குவாதம் நாடறிந்தது. கட்டடம் எழும்பிய பின்னரும் அது ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அக்காலமெல்லாம் வன்னிக் கத்தரிக்காய் தம்புள்ளை வரை போய் விலை கேட்டுக்கொண்டிருந்தது. இடத்துக்கு வாதாடியவர்கள் எடைக்கு வாதாடவில்லை.

முன்னோர் செய்து காட்டியது

இது நமக்கு முடியாத காரியமன்று. முன்னரே செய்த காரியம். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்திலே எங்ஙனம் விலைப்பட்டது? தோட்டத்திலே விளைந்தது, கொட்டிலிலே சுருட்டாயிற்று, காலியிலும் கண்டியிலும் மாத்தறையிலும் நம்மவர் வைத்திருந்த சுருட்டுக்கடைகளிலே விற்பனையாயிற்று. தோட்டம் முதல் கடை வரை ஒரே சமூகத்தின் கையிலே இருந்தது. திருவிதாங்கூருக்குப் போன புகையிலையின் விலையைத் தரகர் தின்றபோது, 1930களிலே கமக்காரர் மலையாளப் புகையிலைக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தாமே ஏற்றுமதி செய்தனர். அவர்களிடம் தொலைபேசி இல்லை. வங்கி அட்டை இல்லை. வெளிநாட்டிலே பொறியியலாளரான மருமகன் இல்லை. ஒற்றுமை ஒன்றே இருந்தது.

இன்று நமக்கு நிலைமை அதைவிட வாய்ப்பானது. வயல் இங்கே நம்முடையது. கடை அங்கே நம்முடையது. நடுவேயுள்ள பாலம் ஒன்றுதான் பிறருடையது.

செய்ய வேண்டியவை

முதலாவது, எதையும் எல்லாவற்றையும் அனுப்ப முயலுதல் வேண்டா. பச்சைக் காய்கறி விமானக் கூலியைத் தாங்காது. மத்திய அமெரிக்க வெண்டிக்காயோடு போட்டியிடுவது வீண் வேலை. உலர்ந்தது, நிறை குறைந்தது, பிற நாட்டார் தர முடியாதது என்பவற்றையே தெரிதல் வேண்டும். பூநகரியினதும் பளையினதும் ஒடியலும் பனங்கட்டியும், செட்டிகுளத்தினதும் நெடுங்கேணியினதும் உழுந்து, ஒட்டுசுட்டானின் நிலக்கடலை, மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி போன்ற சிவப்பரிசியும் அதன் மாவும், காட்டுத் தேன், முல்லைத்தீவுக் கரையின் கருவாடு ஆகியவை போதும்.

அளவு சிறிது என்று அஞ்சுவோருக்கு ஒரு கணக்குச் சொல்லுவோம். இருபதடிக் கொள்கலன் ஒன்று ஏறத்தாழ இருபது தொன் அரிசியைக் கொள்ளும். பழைய நெல்லினம் குறைவாகவே விளையும் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பது ஏக்கர் வயல் அதை நிரப்பும். கண்டாவளையிலோ அக்கராயனிலோ இருபது குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு கப்பற் பொதி ஆயிற்று. இருபது குடும்பம் ஒன்று சேராத ஊர் இருபது தேர்தல் கண்டாலும் உயராது.

இரண்டாவது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சீனியும் மாவும் விற்கும் கடைகளாக மட்டும் இருத்தல் போதாது. காயவைக்கும் களமும், ஈரம் அளக்கும் கருவியும், தெரிந்து பொதி செய்யும் கொட்டிலும் அவற்றிடம் இருத்தல் வேண்டும். அறுவடைக்கு முன்னே சிறு முற்பணம் கொடுக்கும் வல்லமை சங்கத்துக்கு வந்தால், லொறிக்காரனின் பிடி தானே தளரும்.

மூன்றாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இருக்கின்றது. 2021 முதல் வவுனியாவுக்கும் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. சஸ்காச்சுவன் பல்கலைக்கழகம் அம்மாகாணத்துக் கமக்காரனுக்குச் செய்ததை, நம் பல்கலைக்கழகங்கள் நம் கமக்காரனுக்குச் செய்தல் ஆகாதோ? ஆய்வுக் கட்டுரை பேராசிரியருக்குப் பதவி தரலாம். நஞ்சில்லா மிளகாய் வத்தலே நாட்டுக்குச் சோறு தரும். இலங்கைக் கறுவா 2022இலே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அந்த வழியை ஆராய்ந்து வன்னிப் பொருளுக்கும் ஒரு காப்புப் பெயர் தேடுவது சட்டத்தரணிகளின் கடமை.

நான்காவது, கடல் கடந்த உறவினருக்கும் அங்குள்ள கடைக்காரருக்கும் நாம் வைக்கும் விண்ணப்பம். கடையிலே பொருளை எடுக்கும்போது, இது எந்த ஊரிலே விளைந்தது என்று ஒருமுறை கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கிளிநொச்சிக்கே வருவார். வன்னிப் பொதிக்கு அரை டொலர் கூடுதலாயின் அதைத் தானம் என்று எண்ணாமல் விலை என்று எண்ணிக் கொடுங்கள். தரம் குறைந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், இரக்கத்தினால் ஏற்காதீர்கள். பழுதான பொருளை உறவுக்காக வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குவார்.

ஏற்றுமதி செய்தால் இங்குள்ளவன் வயிறு காயாதோ என்று கேட்போரும் உண்டு. அறுவடைக் காலத்திலே நெல் குவிந்து, உழுத கூலிக்கும் காணாத விலைக்குப் போகின்றது என்பதே நம் கமக்காரனின் ஆண்டாந்த முறைப்பாடு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி பிறந்தது விளைச்சல் இல்லாததால் அன்று, விலை இல்லாததால். உண்ணப் போக எஞ்சியதை விற்கும் வழியையே நாம் கேட்கின்றோம்.

காலம் காத்திராது

இதிலே தாமதத்துக்கு இடமில்லை. மொட்டைக்கறுப்பன் கஞ்சியின் மணத்தை அறிந்த தலைமுறை ஸ்காபரோவிலும் ஹரோவிலும் நரைத்துக்கொண்டிருக்கின்றது. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்தவர்கள் பாட்டன் பாட்டிமார் ஆகிவிட்டனர். அங்கே பிறந்த பிள்ளைகள் தோசையை மறக்கவில்லை, இடியப்பத்தை மறக்கவில்லை. ஆனால் எந்த மண்ணின் மா என்று கேட்கும் நாவு அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பெற்றோர் இருக்கும்போதே அந்தச் சுவை கடைத்தட்டுக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் அதைத் தொடர்வார்கள். வாராவிட்டால், பயணப்பெட்டி கட்டும் கைகள் ஓயும் நாளிலே அந்தச் சந்தையும் ஓய்ந்துவிடும். பின்னர் எத்தனை ஏற்றுமதி அமைச்சர் வந்தாலும் இல்லாத நாவுக்கு எதை விற்பது?

வீதிக்குப் பெயர் வைத்தவர்கள் தம் கடமையிலே ஒரு பாதியைச் செய்துவிட்டார்கள். அந்தப் பெயருக்குரிய மண்ணிலே விளைந்த ஒரு பிடி உழுந்தை அந்நகரின் கடையிலே வைப்பது மறு பாதி. அதை அங்குள்ளவர் மட்டும் செய்ய இயலாது. இங்குள்ளவரும் மட்டும் செய்ய இயலாது. அடுத்த காலபோகத்துக்கு விதை எடுக்கும் முன்னரே இருபது குடும்பங்கள் எங்கேனும் ஓர் ஊரிலே கூடி, ஒரு பயிரைத் தெரிந்து, ஒரு களத்தைத் துப்புரவாக்கித் தொடங்கட்டும். வன்னி இனிப் பயணப்பெட்டியிலே ஒளிந்து போக வேண்டியதில்லை. தன் பெயரோடும் தன் விலையோடும் நேர் வழியிலே போகட்டும்.